குரூப்பில் வந்த முகவரி

இசைவாணி டீச்சரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

என் மகள் இளமதியின் கையில் சூடு வைத்த புருஷனை விட்டுத் தப்பி, அறந்தாங்கியிலிருந்து ஜெகதாப்பட்டினம் வந்து ஐஸ் கம்பெனி வேலையில் சேர்ந்தேன். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது நடந்ததையெல்லாம் அந்த டீச்சரிடம் மட்டும் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாதுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்தும் கொண்டார். தூக்கத்தில் அலறிக்கொண்டிருந்த பிள்ளை ஆறாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் வேலை முடிந்ததும் ஓடி வருவேன்.

போன வாரம் பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி டீச்சருக்கு நெருக்கடி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபார்க்க நேரமில்லை. மொத்த வகுப்பின் விவரத்தையும் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "தப்பு இருந்தா சொல்லுங்க" என்று எழுதிவிட்டார். பிள்ளையின் பேர், அப்பன் பேர், ஆதார் எண், வீட்டு முகவரி, என் போன் நம்பர். ஒரு தப்பும் இல்லை.

குரூப்பில் இருந்த மீனம்மாளுக்கும் அறந்தாங்கிதான் பிறந்த ஊர். அப்பன் பேரைப் பார்த்ததும், "நம்ம மதுரைவீரன் மக இங்கிட்டா படிக்குது?" என்று அதை அப்படியே சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

மறுநாள் ஐஸ் கம்பெனியில் இருந்தபோது போன் அடித்தது. அவன்தான். "வீட்டு வாசல்லதான் நிக்கிறேன் செல்வராணி. எங்க காணோம்?"

நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். போன தடவை ஸ்டேஷனில், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே வெளியே வந்தவன் அவன்.

"குரூப்ல இருந்து அழிச்சுட்டேங்க" என்று செல்லைக் காட்டினார்.

"அவன்கிட்ட இருக்கறத எப்புடி டீச்சர் அழிப்பீங்க?"

அவர் அழுதுவிட்டார். என்னாலும் தாங்க முடியவில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்பக்க கேட் வழியாக வெளியேறி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. பள்ளிச் சீருடையோடு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் இளமதி.

"போற ஊர்ல நல்ல ஸ்கூலா பாத்துச் சேத்து விடுறேன்டி" என்றேன்.

"ஸ்கூல் வேணாம்மா. சேந்தா நம்ம வீடு எங்கன்னு கேப்பாங்க."

அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை.