இருபத்துநாலாவது பறவை

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வெல்மாதான் ஜன்னல் வழியே அதை முதலில் பார்த்தாள். கொல்லையில் நட்ட கம்பத்தின் உச்சியில், கூடு கட்டுவதற்கென்று வெள்ளைச் சுரைக்குடுவைகள் தொங்கும் சட்டத்தின் மேல், ஓர் ஆண் தகைவிலான் குருவி உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் இருபத்தாறு வருடத்து வழக்கம் ஒன்று உண்டு. குளிர்காலம் கழிந்து தெற்கிலிருந்து திரும்பும் முதல் பறவையைப் பார்த்தவர் வீடு அதிரக் கத்த வேண்டும். அடுத்த நிமிடம் நாரிஸுக்கு போன் போக வேண்டும். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுக்கு எந்த நாள் முதல் பறவை வந்தது என்று குறித்து வைப்பவன் அவன்தான். வெல்மா கத்தவில்லை. குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

பக்கத்து அறையில் அவள் புருஷன் ஹார்லன் ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தான். நேற்றுத் தொடங்கிய குளிர் இன்னும் நாலு நாள் விடாதாம். மழை, நடுநடுவே பனி, ஏரிக்காற்று. ஓஹையோவில் ஏப்ரல் மாதம் இந்த மாதிரி குணம் காட்டாவிட்டால்தான் ஆச்சரியம். மனிதர்களுக்கு இது ஒரு ஸ்வெட்டரோடு போகிற விஷயம். தகைவிலானுக்கு அப்படி இல்லை. பறக்கிற பூச்சியைப் பறந்துகொண்டே பிடித்துத் தின்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். குளிர் வந்தால் பூச்சி பறக்காது. மூன்று நாள் தாங்கும், நாலாவது நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குடுவைக்குள் உட்காரும், பிறகு எழுந்திருக்காது.

போன ஏப்ரலில் அப்படித்தான் ஆயிற்று. இருபத்துநாலு பறவைகள் வந்து சேர்ந்திருந்தன. ஹார்லன் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டு நாற்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தான். குளிர் ஐந்து நாள் நீடித்தது. கடையில் டப்பாவில் விற்கும் உறைய வைத்த சில்வண்டுகளை வெந்நீரில் போட்டு எடுத்து, பிளாஸ்டிக் ஸ்பூனில் வைத்து வளைத்து ஆகாயத்தில் சுண்டிவிட வேண்டும், பூச்சி பறக்கிறது என்று நினைத்துப் பறவை பாய்ந்து பிடிக்கும் என்று படுக்கையிலிருந்தே போனில் சொல்லிக்கொடுத்தான். அதுவரை அவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஐந்து நாளும் போட்டேன், ஐந்து நாளும் தின்றன என்றாள் வெல்மா. வீடு திரும்பிய ஹார்லன், தையல் காயாத நெஞ்சோடு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சட்டத்தை இறக்கி, ஒவ்வொரு குடுவையாகக் கைவிட்டு எடுத்தான். ஒரு குடுவையில் ஏழு செத்துக் கிடந்தன. மொத்தம் இருபத்துமூன்று.

அவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தேவாலய விருந்தில், மேஜை நிறைய ஆட்கள் இருக்கையில், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னான்: "தின்ன பறவை சாகாது. ஸ்பூன்ல ஒரு தடவை தின்னுச்சுன்னா அது ஜென்மத்துக்கும் மறக்காது. இருபத்துமூணுதான் எடுத்தேன். இன்னொண்ணு எங்கயோ இருக்கு. அது வரட்டும், அப்பத் தெரியும் யாரு என்ன போட்டாங்கன்னு." எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு வருடம் உப்பு எங்கே, மருந்து எங்கே என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு ஓடவில்லை.

வெல்மா மூன்று நாள் போட்டாள். அது சத்தியம். கை வீங்கும்வரை சுண்டினாள், முதல் நாள் முழுக்க எல்லாம் புல்லில் விழுந்தது, இரண்டாம் நாள் ஒன்று பிடித்தது, அதைப் பார்த்து மற்றவை பிடித்தன. அவளே குழந்தை மாதிரி கைதட்டினாள். மூன்றாம் நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கார் பனியில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்து, யாரோ டிராக்டரில் வந்து இழுத்துவிட்டு, வீடு சேர்ந்தாள். மறுநாள் காலையில் போன் செய்து அதைச் சொன்னாள். முழுதாகக் கேட்டுவிட்டு ஹார்லன் கேட்டது ஒன்றுதான்: "சரி, குருவிங்களுக்குப் போட்டியா?"

"போட்டேன்" என்றாள். போடவில்லை. அன்று முழுக்கப் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. ஃப்ரீஸரில் இரண்டு டப்பா இருந்தது. சட்டத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து அவை சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் திரையை இழுத்து மூடிவிட்டாள். ஒன்றிரண்டு நாள் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் நினைத்தாள். வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

"வெல்மா!" ஹார்லன் பின்வாசலில் நின்று கத்தினான். "ஏ வெல்மா! வந்துருச்சு! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு உனக்கு, நேரே ஜன்னலுக்கு எதுக்கத்தானே ஒக்காந்திருக்கு!"

"இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

அவன் அதற்குள் போனை எடுத்துவிட்டான். மறுமுனையில் நாரிஸ் பேசுவது அறை முழுக்கக் கேட்டது. "யோவ், போன வாரம் நீ சொன்னது ஸ்டார்லிங்கு, தகைவிலான் மாதிரியே கத்தி உன்னை ஏமாத்திருச்சு. அதுக்கு முந்தின வாரம் நீ சொன்னது பக்கத்து வீட்டு கேட்டு. எண்ணெய் போடாத கேட்டையெல்லாம் நான் லிஸ்ட்ல ஏத்த முடியாதுய்யா."

"கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்டா. முழுக்கறுப்பு, வயசான ஆம்பள. என் குருவியா ஊரான் குருவியான்னு அரை மணி நேரத்துல சொல்றேன், இரு." போனை வைத்துவிட்டு, பிப்ரவரியிலேயே வாங்கி அடுக்கியிருந்த டப்பா ஒன்றை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து அவள் முன் வைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. "நீயே போடு" என்றான். நீதிபதி தோரணையில்தான் சொன்னான், ஆனால் டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவனும் பயந்துபோயிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெளியே காற்று முகத்தை அறுத்தது. பறவை இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு அசையாமல் இருந்தது. அது வேறெங்கோ வளர்ந்த பறவையாக இருக்க வேண்டும் என்று வெல்மா வேண்டிக்கொண்டாள். ஸ்பூனைப் பார்த்து முழிக்கட்டும், இவன் ஒரேயடியாகத் திட்டித் தீர்க்கட்டும், முடியட்டும். முதல் சில்வண்டு மேலே போய்ப் புல்லில் விழுந்தது. பறவை தலையை மட்டும் திருப்பியது. இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டியது. மூன்றாவதற்கு அவள் ஸ்பூனை வளைக்கும்போதே, சுண்டுவதற்கு முன்பே, சட்டத்தை விட்டு எழும்பிவிட்டது. தலைக்கு மேல் ஒரு வளைவு, டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பிடித்துவிட்டது.

ஹார்லன் பறவையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். பிறகு அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. நாற்பது வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்தது இரண்டு தடவை. "நீ போட்டிருக்கே" என்றான். "நீ போட்டுத்தான் இருக்கே, வெல்மா. நான்தான்... அத்தனை பேரு முன்னால வச்சு... நான் ஒரு மடையன். மத்ததெல்லாம் விதி. நீ என்ன பண்ணுவே?"

அவன் கை அவள் தோளில் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு. அதைச் சும்மா வாங்கிக்கொண்டால் போதும், கேட்பதற்கு யாருமில்லை. பறவை திரும்பிவந்து சட்டத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தது.

"மூணு நாள்தான் போட்டேன்" என்றாள் வெல்மா.

"என்ன?"

"நாலாம் நாள் போடல. அஞ்சாம் நாளும் போடல. வண்டு இருந்துச்சு. நான் பள்ளத்துல விழுந்ததைச் சொன்னப்போ நீ ஒரு வார்த்தை கேக்கல. அதான் போடல."

தோளில் இருந்த கை எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹார்லன் ஸ்பூனை அவளிடமிருந்து பிடுங்கினான். ஒரு வண்டை வைத்துச் சுண்டப்பார்த்தான். கை எழும்பவில்லை. வண்டு அவன் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. இன்னொன்று வைத்தான். அதுவும் விழுந்தது. பறவை இரண்டு தடவையும் எழும்பி, ஒன்றுமில்லாத காற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. உள்ளே போன் அடித்தது. நாரிஸாக இருக்கும். யாரும் போகவில்லை.

பனி சன்னமாக விழத் தொடங்கியது. கடைசியில் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்பூனை அவளிடமே நீட்டினான். நீட்டியபின் டப்பாவிலிருந்து ஒரு வண்டை எடுத்து, அவனே அதில் வைத்தான்.

"போடு" என்றான்.

அவள் சுண்டினாள். பறவை எழும்பியது. அவன் பறவையைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.