மூன்று இடத்திலும் மணி அடிக்க வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எழுதிய அட்டவணை தவறு. குளிர் அறையில் நீலக் கம்பெனி சிம்முக்கு மூன்று கோடு, மஞ்சளுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்றிப் படிக்க வேண்டும். புதுப் போனில் சோதனைக்குப் போட்ட இரண்டு சிம்மின் சிக்னல் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலே இருப்பது நீலம் என்று நானாக வைத்துக்கொண்டேன். இன்று காலை மஞ்சளை மட்டும் அணைத்துப் பார்த்தால் மேல் வரிசைதான் காணாமல் போகிறது.

நேற்றைய பக்கத்தைத் திருப்பி எழுதினால் போதும் என்றால் பரவாயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிம்மையும் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுப் போட்டேன். எடுத்த வரிசையிலேயே போட்டேனா என்பது நினைவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் அளவையும் அடித்துவிட்டேன். மூன்று நாள் வீண்.

இதெல்லாம் எதற்கு என்பதை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு இரண்டு கருவிழியும் மங்கிவிட்டன. இருபத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, வண்டி நேரங்களை ஒலிபெருக்கியில் அறிவித்தவள். எதிரில் இருக்கும் பலகையே தெரியாமல் போன பிறகு வீட்டில் இருக்கிறாள். கண் வங்கியின் பட்டியலில் அவள் பெயர் மேலே வந்துவிட்டது. கருவிழி கிடைத்தால் கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 11 அன்று மதியம் மூன்று பத்துக்கும் மூன்று பதினாலுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். கொடுத்திருந்தது என் நம்பர். நான் மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் இன்சுலின் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்க இரும்புத் தகடு. என் பச்சை சிம் அதற்குள் செத்த மாதிரிதான். ஆறு மணிக்கு வெளியே வந்ததும் இரண்டு தவறிய அழைப்பும் சேர்ந்து வந்து விழுந்தன. திரும்பக் கூப்பிட்டேன். அடுத்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது, உங்கள் பெயர் அதே இடத்தில்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள்.

அம்மா கோபப்படவில்லை. "போகட்டும் விடுடி, யாரோ ஒருத்தருக்குத் தெரியுதில்ல" என்றாள். திட்டியிருந்தால் அன்றைக்கே தூங்கியிருப்பேன்.

இன்றோடு சரியாக மூன்று வாரம்.

மார்ச் 5, புதன்

நான் இருக்கும் இடங்கள் மூன்று. பகலில் குளிர் அறை, மாலையில் வரைபட வகுப்பு, மற்ற நேரம் வீடு. வகுப்பு நடப்பது ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே கிடையாது. இந்த மூன்று இடத்திலும் மணி அடிக்கிற ஒரு கம்பெனி வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சிம் கடை அக்காவிடம் எது நல்லது என்று மறுபடி கேட்டேன். நான் வருவது இது நாலாவது முறை. என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். எந்தக் கம்பெனி ஆளும் உங்கள் கிடங்குக்குள் வந்து நின்று பார்த்ததில்லை, சிக்னல் வரும் இடமென்று படத்தில் வண்ணம் அடித்துக் காட்டுவதையெல்லாம் நம்பாதே என்றார். "எல்லாம் ஒண்ணுதான்மா. உங்க சுவருக்கு எது பிடிக்குதோ அதுதான் நல்ல கம்பெனி."

இன்னொன்றும் சொன்னார். நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்துக்குத் திரும்ப மாற முடியாது. அதைக் கேட்ட பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே என் அட்டவணையைப் பார்த்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். ஊர் முழுக்கச் சுற்றுகிறவனுக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கிறது. "நீ சிம் பாக்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா? மாப்பிள்ளைன்னாலும் இத்தனை கட்டம் இருக்காதே" என்றான். அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை கழுவப் போனவன் வாசலில் நின்று, கோட்டையே எண்ணிக்கொண்டிருக்கிறாயே, யாரையாவது கூப்பிடச் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டான்.

பார்க்கவில்லை. ஐந்து நாளாக அளக்கிறேன், ஒரு தடவைகூட மணி அடிக்கிறதா என்று பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஏற்பாடு இது. அண்ணன் வண்டியை நிறுத்தும் இடங்களிலிருந்து கால் மணிக்கு ஒரு முறை கூப்பிட வேண்டும். முதலில் மஞ்சள், அடுத்து நீலம், இப்படி மாற்றி மாற்றி எட்டு முறை. நான் வேலையை விடாமல், போனைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கிடங்கில் வழக்கமாக நடக்கிற இடங்களில் நடப்பேன்.

மஞ்சள் மூன்று கோடு காட்டியது. நாலு தடவையில் ஒன்றுகூட அடிக்கவில்லை. எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னதாம். நீலம் ஒரே ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகிறது. நாலில் மூன்று அடித்தது. கையுறையோடு எடுக்கப்போய் ஒரு பெட்டியைக் கீழே போட்டேன். உடையவில்லை. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

மாலையில் அடித்தளத்தில் நீலம் நாலுக்கு நாலு. மஞ்சள் மூன்று. கடைசி அழைப்பின்போது வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் எப்போதும் குடையோடு வருகிற ஆள் இருக்கிறார், அவரை எல்லோரும் குடை என்றுதான் கூப்பிடுவார்கள். யார் அது விடாமல் கூப்பிடுவது என்று கேட்டார். எங்கண்ணன் என்றேன். நம்பாத மாதிரி தலையாட்டினார்.

வீட்டிலும் நீலம் அடிக்கிறது. ஆக நீலம். முடிவு தெரிந்த பிறகும் பேனாவை வைக்க மனம் வரவில்லை. குளிர் அறையில் நாலில் ஒன்று அடிக்கவில்லையே. அவர்கள் கூப்பிடுவது அந்த ஒன்றாக இருந்தால்?

மார்ச் 7, வெள்ளி

வேலைக்குப் போகும் வழியில் சிம் கடையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து போடும்போது அக்கா என் முகத்தைப் பார்த்து, என்னமோ வீட்டை எழுதிக் கொடுக்கிற மாதிரி போடுகிறாயே என்றார்.

பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, மாறுகிற சமயத்தில் நம்பர் வேலை செய்யுமா என்று கேட்டேன். இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் பச்சை அணையும், அதற்குப் பிறகு எப்போதாவது நீலம் எரியும், நடுவில் சில மணி நேரம் இரண்டும் இருக்காது என்றார்.

கிடங்கில் இன்று இரண்டு முறை தப்பாக எண்ணினேன். வகுப்பில் படிக்கட்டு வரைந்தேன், ஒரு படி குறைந்துவிட்டது.

கண் வங்கிக்கு நேரில் போய், திங்கட்கிழமை மட்டும் கூப்பிட்டால் வேறு நம்பருக்குக் கூப்பிடச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் எழுதிக்கொள்வார்களா என்று தெரியாது. நாளை அரை நாள் விடுப்பு. அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

மார்ச் 8, சனி

இதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கண் வங்கியில் பதிவேடு பார்க்கிற அம்மாள் எங்கள் விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார். தொடர்புக்கு என்று மூன்று கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் என் நம்பர். மற்ற இரண்டிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு, நேராக, மெல்லிசாக. நான் போட்டதுதான். வரைபட வகுப்பில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது: தாளின் ஓரத்தில் காலியாக விட்ட கட்டத்தை அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அடித்திருக்கிறேன்.

"ஸ்கேல் வெச்சா போட்டீங்க?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு நீங்க எடுக்கலைன்னதும் வேற நம்பர் இருக்கான்னு பாத்தோம். ரெண்டையும் அடிச்சு வெச்சிருந்தீங்க. வேற ஆளே இல்ல போலன்னு நெனச்சோம்."

எனக்குக் காது சுட்டது. மூன்று வாரமாகச் சுவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், பச்சைக் கம்பெனியைக் குற்றம் சொன்னேன், இரும்புத் தகட்டைக் குற்றம் சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். என் முகம் அவளுக்கு ஒரு வெளிச்சத் திட்டுதான், இருந்தாலும் சரியாக என் முகத்தைத்தான் பார்த்தாள். தன் நம்பரை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். போன் வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்தணும், சிவப்பை அழுத்திடுவே, புது நம்பர்னா யாருன்னு தெரியாது, அதனால்தான் என்று ஏதோ சொன்னேன். எல்லாம் முன்பே யோசித்து வைத்த காரணங்கள். அவளிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

"கண்ணுதான்டி மங்கல். காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் அம்மா. "இருபத்திரண்டு வருஷம் போன எடுத்துத்தான் உன்னையும் அவனையும் வளத்தேன்."

பதிவேட்டுக்காரர் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தார். பிறகு புது விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். முதல் கட்டத்தில் அம்மாவின் நம்பர், இரண்டாவது அண்ணன், மூன்றாவது நான். அம்மா வரிசையைத் தானே சொன்னாள். வீட்டிலேயே இருக்கிறவள் அவள்தான், போனும் பொத்தான் வைத்த பழைய போன், அவளுடைய பச்சை சிம் வீட்டுக்குள் எப்போதும் நன்றாகவே அடிக்கும். இதெல்லாம் என் அட்டவணையில் இல்லை. அதில் நான் நிற்கிற இடங்கள் மட்டும்தான் இருந்தன.

பஸ்ஸில் திரும்பினோம். நிறுத்தம் வருவதற்கு முன்பே அம்மா எழுந்து நின்றுவிட்டாள். திருப்பத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவின் போனில் பச்சைப் பொத்தான்மேல் ஒரு சொட்டுப் பசை காயவைத்தேன், விரலுக்குத் தட்டும்படி. பிறகு அண்ணன் போனிலிருந்து ஒரு தடவை, மஞ்சளிலிருந்து ஒன்று, நீலத்திலிருந்து ஒன்று கூப்பிட்டேன். மூன்றையும் இரண்டாவது மணிக்குள் எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க" என்று ஜன்னல் குரலில். அந்தக் குரலைக் கேட்டு நாலைந்து வருடம் ஆகிறது.

சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொல்லைப் பக்கம் போய் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"நாலு தரம் ஆச்சு" என்றாள் அம்மா. "நீ இப்படி லைனைப் பிடிச்சுட்டு இருந்தா நெஜமா கூப்பிடறவங்க எங்கடி போவாங்க? வை."

வைத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பதினொன்று நாற்பதுக்குப் பச்சை அணைந்தது. குளிர் அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு சின்ன அடிப்பு. இனி முதலில் அடிக்கப்போவது என் போன் இல்லை, அது செத்துக் கிடந்தால் ஒன்றும் ஆகாது, இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு மேல் சொல்ல முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் வயிற்று வலி என்று பொய் சொல்லி, இரண்டு மணி வண்டியைப் பிடித்தேன். இரண்டரைக்கு வீட்டில் இருந்தேன்.

அம்மா அலமாரியைத் திறந்து வைத்துத் துணிகளைத் தடவிப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். பை பாதி நிறைந்திருந்தது.

"கூப்பிட்டாங்க. பன்னெண்டு இருபதுக்கு" என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்ன சொன்னார்கள், யார் பேசினார்கள், எழுதிக்கொண்டாயா என்று வரிசையாகக் கேட்டேன். கடைசிக் கேள்வி எவ்வளவு அபத்தம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அம்மா ஒலிபெருக்கியில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாளை காலை ஏழு மணி, ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, வலது கண். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சளி, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்களாம், இல்லை என்றாளாம். கூட ஒருவர் வர வேண்டும். பழைய சீட்டுகள் எல்லாம் வேண்டும்.

ஏழா, எட்டா? மூன்றாவது மாடியா, இரண்டாவதா? கண்ணை மூடினால் எல்லாமே தப்பாக இருக்கலாம் என்று தோன்றியது. சமையலறைக்குள் போனேன். மூன்று ஐந்துக்கு நீலம் எரிந்தது. ஒரே கோடு. அந்த நம்பரிலிருந்து நான் செய்த முதல் அழைப்பு கண் வங்கிக்கு.

அதே பதிவேட்டுக்காரர்தான் எடுத்தார். எல்லாம் உங்கள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதே, நான் சொன்னதை அவர் எனக்கே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டார், இப்படி யாரும் செய்ததில்லை என்றார். ஏழு மணி. மூன்றாவது மாடி. வலது கண்.

வெளியே வந்தபோது அம்மா கேட்டாள்: "சரியாச் சொன்னேனா?"

சரி என்றேன். அவள் இன்னொரு துண்டை எடுத்து மடித்தாள்.

இரண்டு நாளாக அட்டவணையைத் திறக்கவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம் காலியாக இருக்கிறது. ஸ்கேலை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

நாளை: நாலரைக்கு எழ வேண்டும். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது; சொம்பை இரவே உள்ளே எடுத்து வைக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்கு அண்ணன் வண்டி. பழைய சீட்டுகள், அடையாள அட்டை, மாற்றுத் துணி. கிடங்குக்கு விடுப்பு சொல்ல வேண்டும், இந்த முறை உண்மையான காரணத்தை. அம்மாவின் போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பையின் மேலேயே வைக்க வேண்டும்.