அண்ணியின் இடைவெளிகள்

அந்த அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. "புயல்" என்றால்தான் திரும்புவாள். கணினியில் பக்கம் அமைப்பது அவள் வேலை. மற்றவர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டுவதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வேகத்தால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று அவள் கையில் இருந்தது அவளுடைய அண்ணியின் புத்தகம். அண்ணி பிசியோதெரபிஸ்ட். முதுகுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் முப்பத்தெட்டுப் பயிற்சிகள். நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் நான்கு வருடமாகத் தட்டித் தட்டிச் சேர்த்தது. மாலை ஐந்து மணிக்கு அச்சு மெஷின் காலியாகும். அதற்குள் பக்கங்கள் போகாவிட்டால், வரிசையில் நிற்கும் பள்ளி நோட்டுகளுக்குப் பின்னால் இரண்டு மாதம் காத்துக் கிடக்க வேண்டும்.

"என்கிட்ட விட்டுடுங்க அண்ணி. நீங்க நிம்மதியா போய் ஊசி போடுங்க."

"நான் ஊசி போடறதில்லைன்னு எத்தனை தடவைடி சொல்றது!" என்று சிரித்து, பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் அண்ணி.

கோப்பைத் திறந்தால் கண்றாவி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் இரண்டு இடைவெளி, மூன்று இடைவெளி, சில இடங்களில் பத்து. அச்சகத்தில் எப்போதும் ஒன்றுதான். "எங்க அண்ணியோட கட்டை விரலுக்குத்தான் முதல்ல வைத்தியம் பாக்கணும்" என்று மெஷின்காரரிடம் சொன்னாள். பிறகு தேடி மாற்றும் பெட்டியைத் திறந்தாள். மேல் கட்டத்தில் இரண்டு இடைவெளி, கீழ்க் கட்டத்தில் ஒன்று. ஒரே சொடுக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இடங்கள் மாறின. மூன்று இருந்த இடத்தில் இரண்டு மிஞ்சும் அல்லவா? அதனால் மறுபடியும், மறுபடியும். ஐந்தாம் முறை, எதுவும் கிடைக்கவில்லை என்று கணினி கையை விரித்தது. அதே பென் டிரைவில் சேமித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து, சும்மா சரிபார்க்கலாமே என்று ஒரு பக்கம் அச்செடுத்தாள். அப்போதுதான் முதல் முறையாக வாசித்தாள்:

'வாக்கியங்களுக்கு நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தில் விரலை மெல்ல நகர்த்துங்கள். விரல் அடுத்த வாக்கியத்தைத் தொடும் வரை மூச்சை அடக்குங்கள்.'

கீழே பயிற்சி. 'மூச்சை இழுங்கள். அடக்குங்கள். விடுங்கள். இழுங்கள்.' இடையில் விரல் நகர ஒரு மயிரிழை இடம் இல்லை. இதைப் பார்த்துப் பயிற்சி செய்பவர், நாய் துரத்திய மாதிரி மூச்சு வாங்குவார்.

கோப்பை மூடியாயிற்று, செய்ததைத் திருப்பும் வழியும் அதோடு போயிற்று. இன்னொரு பிரதி அண்ணியின் கணினியில் இருந்தது. அது பழுதுபார்க்கப் போய் ஒரு வாரம். அப்படியே அனுப்பிவிட்டால் புத்தகம் வரும் வரை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததும் உண்மைதான். ஆனால் தன்னை நம்பி நான்கு வருட உழைப்பை நீட்டிய கை நினைவுக்கு வந்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணி, திட்டுங்க. முதல்ல திட்டிடுங்க, அப்புறம் விஷயத்தைச் சொல்றேன்."

சொல்லி முடித்ததும், "அங்கேயே இரு. வரேன்" என்றாள் அண்ணி.

இரண்டு மணிக்கு வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது புயலுக்கு.

"எதுக்கு எவ்வளவு இடம் விட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா அண்ணி?"

"மண்டையில இல்ல. செஞ்சு பாத்தா உடம்பு சொல்லும்."

செருப்பைக் கழற்றினாள். கழிவுக் காகிதத்தைத் தரையில் விரித்து மல்லாக்கப் படுத்தாள். மூச்சை இழுத்து அடக்கினாள். புயல் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடைவெளிக்குப் பதிலாக ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு சின்ன வட்டம் போட்டாள். இனி எந்தச் சொடுக்கும் அதை விழுங்க முடியாது. விரலும் வட்டம் வட்டமாக நகரலாம்.

பதினேழாம் பயிற்சிக்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டும் என்றதும் புத்தகம் தைக்கும் பைண்டர் மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டில் மெஷின்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். "இது அச்சகமா, ஆஸ்பத்திரியா?" என்று கத்திக்கொண்டே வந்த முதலாளி, முப்பதில் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"மெதுவா எண்ணுடி. நீ வேகமா எண்ணினா நான் செத்துடுவேன்" என்றாள் அண்ணி தரையிலிருந்து. எல்லோரும் சிரித்ததில் முப்பத்தொன்றை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளில் முதல் முறையாகப் புயல் மெதுவாக எண்ணினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தெட்டும் முடிந்தது.

"நகரு. நன்றிப் பக்கம் மட்டும் பாக்கி" என்று அண்ணி நாற்காலியைப் பிடித்தாள். தட்டத் தட்ட, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் கட்டை விரல் டொக் டொக்கென்று இரண்டு தரம் விழுந்தது. பழக்கம் போகுமா? கடைசி வரி இப்படி இருந்தது: 'ஒரு பிற்பகல் முழுக்க என் மூச்சை எண்ணிக்கொடுத்தவள் என் நாத்தனார். அவள் எண்ணிக்கையை நம்பிச் செய்யுங்கள்.'

"அண்ணி, அழிச்சது நான்தானே."

"அதையும் போடணுமா? இன்னும் ரெண்டு வரி ஆகும். மணி ஆச்சு, அனுப்பு."

புயலுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆறு இடங்களில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தது. தேடி மாற்றும் பெட்டியைத் தொடாமல், ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து, ஆறையும் கையாலேயே அழித்தாள். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.