இரண்டாம் வார்த்தை

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் ஐயா பட்டியலைக் கையில் எடுத்தார். பெரிய வெள்ளிக்கு யார் யார் பேசுவது என்கிற பட்டியல். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை எங்கள் சபையில் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, ஆளுக்கு இருபது நிமிடம். அதில் இரண்டாம் வார்த்தை, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஆண்டவர் பரதீசு கொடுத்த வார்த்தை, ஒன்பது வருஷமாக என்னுடையது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும், நான் பேசி முடிக்கும்போது ஆம்பூரில் அந்தக் கோயிலுக்குள் கைக்குட்டையை எடுக்காத பெண் ஒருத்தி இருந்ததில்லை.

"இரண்டாம் வார்த்தை, சகோதரி ஜோதி" என்று வாசித்தார் ஐயா.

முன்வரிசையில் இருந்த நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். ஏழு பேரும் முடிந்தபிறகு, "வேதபாடம் வாசிப்பவர், சகோதரி பிரிசில்லா" என்று என் பேரும் வந்தது. பந்தியில் இலை போடாமல் தண்ணீர் ஊற்றச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

ஜோதி யார் என்று சொல்ல வேண்டும். விரிஞ்சிபுரம் பக்கத்துக்காரி. கட்டின புருஷனை விட்டுவிட்டு வேறொருத்தனோடு மூன்று வருஷம் பேரணாம்பட்டில் இருந்தாள். அவனும் விட்டுவிட்டுப் போனபிறகு ஆம்பூருக்கு வந்து ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். இதெல்லாம் நான் கட்டிய கதை இல்லை. போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தபோது சபைக்கு முன்னால் நின்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அழவும் இல்லை, சிரித்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

நான் பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்கள் நாற்பதும் ஒரு வேளை பட்டினி. புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் ஒரு நாக்கு என்னைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவளோ நேற்று வந்தவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடுவது அவள் மடிக்கு, போதகரின் மனைவி ஐயரம்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது அவளோடு. வயிறு எரிந்தது. இதை இன்றைக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சபையின் ஒழுங்கைப்பற்றிக் கவலைப்படுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வினை என்னவென்றால், ஜோதி வேலை செய்கிற அதே கம்பெனியில்தான் நான் செக்கிங்கில் இருந்தேன். பதினான்கு வருஷமாக. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து அனுப்புவார்கள், அப்பர் என்று பேர். ஒவ்வொரு ஜோடியோடும் தைத்தவரின் நம்பர் எழுதிய சீட்டு வரும். தையல் கோணியிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தைத்தவரே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ஜோதியின் நம்பர் பதினேழு.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை லீவு, ஆனால் நாலு மணிக்கு லாரி துறைமுகத்துக்குப் புறப்படுவதால் ரீவொர்க், திரும்பி வந்ததைச் சரிசெய்கிற வேலை, பாக்கி உள்ளவர்கள் மட்டும் வேலைக்கு வரவேண்டும். அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். சத்தியமாக, அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பதினேழாம் நம்பர் வந்தபோதெல்லாம் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கோடு போட்டதுபோல் தையல். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து நாங்கள் திரும்பியபிறகு, முதல் ஸ்டிக்கரை ஒட்டினேன். தோல் என்றால் எங்காவது மாட்டை உண்ணி கடித்த புள்ளி ஒன்று இருக்கும். தேடினால் கிடைக்கும். இரண்டாவதில் அதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் ஒட்டினேன். மூன்றாவதிலிருந்து தேடுவதை விட்டுவிட்டேன்.

பக்கத்து மேஜையில் உமைமா. பத்து வருஷமாக எனக்குத் தோஸ்த். தலையைத் தூக்கிப் பார்த்து, "இன்னா பிரிசில்லா, இன்னிக்கு ஸ்டிக்கர் ரொம்ப ஜாஸ்தியா போவுது?" என்றாள்.

"தையல் சரியில்ல."

"யாரு, ஜோதி தையலா?"

"உன் வேலையப் பாரு உமைமா" என்றேன். அவள் குனிந்துகொண்டாள்.

மணி அடிக்கும்போது நாற்பத்திரண்டு ஜோடி. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் செந்தில்குமார் ஜோதியை வெள்ளிக்கிழமை வரச்சொல்லுவது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. கை கழுவுகிற இடத்தில் நின்று பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

வெளியே கம்பெனி பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு டியூட்டி போட்டுட்டாங்க. ஐயாகிட்ட போன்ல சொல்லிட்டேன். பிரிசில்லா அக்காவே பேசட்டும், அவங்களவிட நல்லா யாரு பேசுவாங்கன்னு சொன்னேன். ஐயா உங்களுக்குப் போன் பண்ணுவாரு."

"அடடா, இப்படி ஆயிடுச்சே" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் பஸ்ஸைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள். "அந்த நாப்பத்திரண்டையும் ரெண்டு தபா பாத்தேன்கா. பிரிச்சுத் தைக்கலாம்னா, நல்ல தையலப் பிரிச்சா தோல்ல ஓட்டை நின்னுடும். சார்கூட கேட்டாரு, வேற ஆளுகிட்ட குடுத்து திரும்ப செக் பண்ணட்டுமான்னு. வேணாம் சார், நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வேற ஆள் பாத்தா உங்க வேலைக்கு ஆபத்துக்கா" என்றாள். "நான் வர்றேன்" என்று சொல்லி ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டேனே என்று பயந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இவள் யார் என்னை மன்னிக்க? நான் செய்ததைக் கண்டுபிடித்து, கத்தாமல், காட்டிக்கொடுக்காமல், என் பிழைப்பையும் காப்பாற்றிவிட்டு, போகிறபோக்கில் பஸ் ஏறிப் போகிறாள். அதிலும் அவளே என்னைவிட உசத்தி. வீடு போய்ச் சேரும்வரை அந்த மன்னிப்பின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐயா போன் செய்தார். "கண்டிப்பா பேசறேங்க ஐயா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கோயில் நிறைந்திருந்தது. பீடத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். முதல் வார்த்தையைப் பேசியவர் நேரத்தைத் தாண்டி இழுத்தார். பாட்டு முடிந்தது. நான் படியேறினேன்.

ஒன்பது வருஷமும் நான் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவேன். மனப்பாடம். "அன்பானவர்களே, அந்தக் கள்வன் கடைசி நேரத்திலாவது தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான்." குரலைக் கொஞ்சம் தழைத்துச் சொல்லி, நிறுத்தி, சபையை ஒருமுறை பார்க்க வேண்டும். சொன்னேன். நிறுத்தினேன். பார்த்தேன்.

அடுத்த வாக்கியம் வரவில்லை. மறந்துபோகவில்லை, நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒத்துக்கொண்டான் என்று நான் சொன்ன சொல்லே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஐயரம்மா தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அழத் தயாராக, கைக்குட்டையோடு.

"ஜோதி இப்ப கம்பெனியில இருக்கா" என்றேன். பிரசங்கத் தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது. "அவ தையல்ல ஒரு குறையும் இல்ல. நல்ல ஜோடிங்களுக்கு நான்தான் வேணும்னே ஸ்டிக்கர் ஒட்டினேன். அவ இந்த எடத்துல நிக்கக் கூடாதுன்னு ஒட்டினேன். அவளுக்கு அது தெரியும். தெரிஞ்சும் யாருகிட்டயும் சொல்லல."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இறங்கிப் பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். பின்னால் யாரோ மூன்றாம் வார்த்தைக்கான பாட்டைத் தொடங்கினார்கள்.

உச்சி வெயில். ஷேர் ஆட்டோவில் நான் ஒருத்திதான். கம்பெனிக்குள் மெஷின் சத்தம் இல்லாமல் ஹாலே வேறு ஏதோ இடம்போல் இருந்தது. ஐந்தாறு பேர் ஆங்காங்கே குனிந்திருந்தார்கள். ஜோதி ஜன்னலோர மேஜையில் ஸ்டிக்கர்களை உரித்து, பசை ஒட்டின இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

நான் அவளிடம் போகவில்லை. நேரே செந்தில்குமாரிடம் போனேன். வயதில் என் தம்பி மாதிரி, வேலையில் எனக்கு மேலே.

"சார், அந்த நாப்பத்திரண்டும் நல்ல ஜோடி. நான் பொய்யா ரிஜெக்ட் பண்ணேன்."

"இன்னாம்மா சொல்றீங்க? வெய்யில்ல வந்து ஏதாவது ஆயிடுச்சா?"

"பொறாமையில பண்ணேன் சார்."

அவர் ஒரு ஜோடியை எடுத்து விளக்கடியில் பிடித்தார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. முகம் சிவந்துவிட்டது. "பதினாலு வருஷம் உங்க கையெழுத்த நம்பித்தானே லாரியே ஏத்தறோம்" என்றார். "திங்கக்கிழமைலேர்ந்து நீங்க செக்கிங்ல வேணாம். நூல் வெட்ற டேபிளுக்குப் போங்க. மேல இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சரி சார்" என்றேன்.

ஜோதியிடம் வந்து, "கெளம்பு. கோயில் முடிய இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. ஐயாகிட்ட சொன்னா கடைசியிலயாவது பேச விடுவாரு" என்றேன்.

"இதெல்லாம் யாரு உரிக்கறது? நாலு மணிக்கு லாரி."

"நான் ஒட்டினது. நான் உரிக்கறேன்."

"பசை காஞ்சிபோச்சுக்கா. ஒருத்தரால ஆகாது" என்று சொல்லி, பக்கத்து ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள். எவ்வளவு சொல்லியும் அவள் போகவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம். நான் அழுத்தி ஒட்டியிருந்தேன் போல, நகம் வலித்தது. ஸ்டிக்கர் ஒட்டும்போது ஒரு விநாடிதான் ஆகும். ஏழெட்டு ஜோடி முடிந்தபிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"இன்னா பேசலாம்னு இருந்த?"

"எனக்கு உங்க மாதிரியெல்லாம் பேச வராதுக்கா. இருபது நிமிஷத்துக்கு எங்க போவேன்? ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"பரவால்ல, சொல்லு."

அவள் கையிலிருந்ததைத் துடைத்து வைத்தாள். "அந்த ஆளு பரதீசுக்குள்ள போறான் இல்ல, அவன் உடனே உள்ள போயிருக்க மாட்டான்கா. வாசல்லயே நின்னு திரும்பிப் பாத்திருப்பான். அந்தப் பக்கத்துச் சிலுவையில ஆண்டவரத் திட்டிக்கிட்டே தொங்கினானே இன்னொருத்தன், அவன் வர்றானான்னு பாத்திருப்பான். ரெண்டு பேரும் ஒரே கேஸு. இவனுக்கு எதுக்குக் கெடச்சுதுன்னு இவனுக்கே தெரியாது. அப்புறம் அவனுக்குக் கெடைக்காதுன்னு இவன் எப்படி நெனப்பான்? நான் அவனா இருந்தா நின்னு பாத்திருப்பேன். அவ்ளோதான்கா."

ஒன்பது வருஷம் பேசியிருக்கிறேன். திட்டின கள்வனை மோசமான உதாரணமாகக் காட்டி, அவனைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று ஒன்பது தடவை விரலை ஆட்டியிருக்கிறேன். அவன் வருகிறானா என்று ஒருத்தர் காத்து நிற்கக்கூடும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கையிலிருந்த அப்பர்மேல் கண்ணீர் சொட்டியது. தோலில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும் என்று பயந்து அவசரமாக முந்தானையால் ஒற்றினேன்.

கோயிலில் ஆறாம் வார்த்தை நடந்துகொண்டிருக்கும் நேரம். நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அழுதுகொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் உள்ளே ஒரு மூலையில், இது இவளுக்கு எப்படித் தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எரிந்துகொண்டுதான் இருந்தது. முதல்முறையாக அதை மறைக்கத் தோன்றவில்லை.

"ஜோதி, எனக்கு இப்பவும் உன்மேல பொறாமையாத்தான் இருக்குடி."

"தெரியும்கா" என்றாள் அவள். "அந்த ஜோடிய இப்படி நவுத்துங்க."