பன்னிரண்டு சைப்ரஸ்

அப்பா செடிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். வைகாசி வெயில், நடுப்பகல், தலையில் ஈரத்துண்டு, கையில் ஸ்ப்ரே டப்பா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பன்னிரண்டு சைப்ரஸும் உயிரோடு இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும். "யாழினி, அங்க நின்னு பாரு, திட்டுத் திட்டா தெரியுதா?" என்றார். "இல்லப்பா, கவர்மெண்ட் பஸ் மாதிரி இருக்கு" என்றேன். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் அப்பா செல்லக்கண்ணு அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீடு திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக்கரையை ஒட்டி இருக்கிறது. ஹால் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே சுடுகாடு, அதன் தகரக் கொட்டகை. மனை சல்லிசாக வந்ததே என்று அப்பா வாங்கிப்போட்டுவிட்டார். ஏன் சல்லிசு என்று யோசிக்க வேண்டாமா மனுஷன்! எனக்கு அதில் பயம் எதுவும் கிடையாது, அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிடுகிறார்கள். மூன்று வரன் அப்படிப் போயிற்று. கடைசியாக வந்தவர் தரகரிடம் சொன்னாராம், "பொண்ணு தங்கமான பொண்ணு, ஜன்னல்தான் சரியில்ல." எனக்கு முப்பத்து நாலு வயது.

அம்மா மதிலை உயர்த்தச் சொன்னாள். "மதில் கட்டினா எதை மறைக்கிறான்னு கேப்பான். செடி வச்சா அழகா இருக்கேம்பான்" என்றார் அப்பா. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் காலடியில் சந்து விடும், ஆள் உயரம் வர நாளாகும் என்று தள்ளிவிட்டார். நர்சரியில் ஒரு மூலையில் கூம்பு கூம்பாக, தரையிலிருந்தே அடர்த்தியாக நின்ற இதைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். நர்சரிக்காரர் சவரிநாதன் நேர்மையானவர். "இது அசல் சைப்ரஸ்கூட இல்லீங்க, அதுக்குப் பங்காளி மாதிரி. குளுருல வளர்ற சாதி. ஏற்காட்டுல ஜம்முனு நிக்கும், திருச்சி வெயிலுக்கு நான் பொறுப்பில்ல. வேர்ல தண்ணி தேங்கக்கூடாது. பச்சையத் தாண்டி உள்கட்டையில வெட்டிடாதீங்க, திரும்பத் துளிர்க்காது" என்றார். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இப்பவே ஆள் உயரம் இருக்குல்ல?"

தை மாதம் நட்டோம். மாசிவரை பார்க்க ராஜா வீட்டுத் தோட்டம்தான். அப்பா காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டுக் குளம் கட்டினார். பிறகு எல்லாம் ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று தலையையும் பக்கங்களையும் அரிவாளால் சீவினார். முருங்கை வெட்டிப் பழகிய கை. "வெட்டினாத்தானே தழையும்?" என்று என்னையே மடக்கினார். பங்குனியில் வெளியே பச்சையாகத்தான் இருந்தது. விலக்கிப் பார்த்தால் உள்ளே எல்லாம் காபித்தூள் நிறம். அக்னி நட்சத்திரத்தில் வெளிப்பச்சையும் போயிற்று. அப்பா அப்போதும் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வரன் எனக்கு வேண்டும் என்று இருந்தது. கலையரசன், துறையூரில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை. பத்து நாளாகப் போனில் பேசுகிறோம். நான் ஏதாவது கிண்டல் செய்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பார், ஆனால் அசல் சிரிப்பு. தன் அப்பா கொரோனாவில் போய்விட்டார், அம்மா மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். வீடு எங்கே என்று கேட்டபோது "ஆனைக்கா பக்கம்தாங்க" என்று மழுப்பினேன். அப்பாவின் பெயிண்ட்டைவிட அது மோசம்.

ஞாயிற்றுக்கிழமை யாருடைய பிணமும் வந்துவிடக்கூடாது என்று அம்மா அகிலாண்டேஸ்வரிக்கு நெய்விளக்கு போட்டுவிட்டு வந்தாள். அம்பாளும் கேட்டுக்கொண்டாள். கொட்டகையில் புகை இல்லை. பெயிண்ட் வாடைக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டோம்.

கலையரசனும் அவருடைய அம்மா ராக்கம்மாளும் மட்டும் வந்தார்கள். ராக்கம்மாள் நெற்றியில் திருநீறு மட்டும். உள்ளே வந்ததும் ஜன்னலுக்கு எதிரேதான் உட்கார்ந்தார். காபியைக் குடித்தார், முழுசாக. எனக்கு உயிர் வந்தது. கலையரசன் என்னைப் பார்த்து யோசிக்காமலே சிரித்தார்.

"அண்ணே, இந்தச் செடிக்கு அந்தாண்ட என்னங்க?" என்று ராக்கம்மாள் கேட்டார்.

"தோப்புங்க. வாழைத்தோப்பு" என்றார் அப்பா.

ராக்கம்மாள் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாயில் வார்த்தை இருந்தது. "ஆமாங்க" என்றேன்.

ராக்கம்மாள் காலி டம்ளரைக் கீழே வைத்தார். "இவங்கப்பாவ இங்கதாம்மா எரிச்சாங்க. ஊருக்குக் கொண்டுபோக விடல. இவனும் அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தான். கார விட்டு எறங்கக்கூடாதுன்னுட்டாங்க. எந்தப் பக்கம் பார்க்கறதுன்னு தெரியாம இந்த ஜன்னலத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். தெருவுல நொழையும்போதே தெரிஞ்சுபோச்சு, இந்த வீடுதான்னு. மனசுக்கு எவ்வளவு நெறைவா இருந்துச்சு தெரியுமா? சம்பந்தி வீடுன்னு ஆயிட்டா, வரும்போதெல்லாம் அவரப் பார்த்துட்டுப் போலாம்னு நெனைச்சேன்."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஐயோ, எங்களுக்குத் தெரியாதுங்க" என்று நான்தான் உளறினேன்.

"எனக்குத் தெரியாதுன்னுதான நீங்களும் நெனைச்சீங்க" என்றார் அவர். கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எழுந்து தோட்டத்துக்குப் போனார். இரண்டு செடிகளுக்கு நடுவே கையை விட்டு விலக்கினார். ஒன்று மளுக்கென்று முறிந்தது. அந்தச் சந்து வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார், எவ்வளவு நேரமோ. பெயிண்ட் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது, கும்பிட்ட இரண்டு உள்ளங்கையும் பச்சையாக இருந்தன. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினாள். அவர் வாங்கிக் கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், காலிலும் ஊற்றிக்கொண்டார்.

கலையரசன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என்னைப் பார்ப்பார் என்று நின்றேன். தன் அம்மாவின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார், தானும் ஏறினார். சாவு வீட்டிலிருந்து யாரும் போயிட்டு வரோம் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அவர்களும் சொல்லவில்லை.