நேர்முகத்துக்கு வராத மோட்டார்

ஒரே நாளில், ஒரே தட்டச்சுப் பொறியில் அடித்து, ஒரே தபால்பெட்டியில் போட்ட கடிதங்கள். மாணவர்களுக்குப் போனவை ஆட்களைக் கூட்டிவந்தன. தொழில் பழகுகிறவர்களுக்குப் போனவை ஒருவரையும் கூட்டிவரவில்லை. ஏன்? இதை மெற்றில்டா ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் செயலாளராக இருந்த வலன்ரைன் நினைவு நிதியத்தின் அலுவலகம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் முன்னறை. துறைமுகத்துக்குக் கயிறு விற்றுப் பணம் சேர்த்த ஒருவர் அதைத் தொடக்கிவைத்துவிட்டுக் கண்மூடினார். உதவியில் பாதி பல்கலைக்கழக மாணவர்களுக்கு. மற்றப் பாதி கைத்தொழில் பழகுகிறவர்களுக்கு. நேர்முகம் சனிக்கிழமை காலையில். மாணவர்கள் அரைமணி நேரம் முன்னதாகவே தாய்மாருடன் வந்து படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தொழில்காரர் ஆறு பேரில் ஒருவரும் வருவதில்லை. பிறகு ஆறு கடிதங்கள் வரும். கையெழுத்து ஆறு விதம், வாக்கியம் ஒன்றுதான்: "தவிர்க்க முடியாத காரணத்தினால் வர முடியவில்லை." இரண்டு முறை இப்படியே நடந்துவிட்டது.

"எழும்பியிருக்க மாட்டினம், மெற்றில்டா. சனிக்கிழமையெல்லே," என்றார் தலைவர் இராஜநாயகம். அவர் ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர்.

"பேக்கரியில பழகிறவன் விடிய மூண்டு மணிக்கு எழும்புறவன், சேர்."

"அப்ப அவன் பத்து மணிக்கு நித்திரையாயிருப்பான். மூண்டாந்தரமும் வராட்டில் அந்தப் பாதியையும் மாணவருக்கே குடுப்பம். படிக்கிற பிள்ளையள் எத்தினை பேர் காத்திருக்குதுகள்."

மூன்றாம் தரம் வருகிற சனிக்கிழமை. மெற்றில்டா பொறுக்கமாட்டாமல் புதன்கிழமை பஸ் ஏறி, ஆறு முகவரிகளில் ஒன்றைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அது பாயிஸ் என்பவரின் மோட்டார்க் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அங்கே வேலை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த மயிலம்மா, பத்தொன்பது வயது, அங்கே தொழில் பழகினாள். அறை வாடகைக்கு இந்த மாதத்தோடு வழியில்லை. நிதியம் கைகொடுக்காவிட்டால் கொழுந்து பறிக்கத் திரும்ப வேண்டியதுதான்.

"ஏன் பிள்ளை வரேல்ல?"

"வந்தேங்க மிஸ். ரெண்டு தடவையும் வந்தேன். தெரு முனையில இருக்கிற செக் பொயின்ட் வரைக்கும்."

"இவட இன்டர்வியூ அங்கதான் மிஸ் நடந்த," என்றார் பாயிஸ். "நாலு மணித்தியாலம். ஒங்கட கமிட்டி இவ்வளவு கேள்வி கேக்காது."

குற்றவாளி, தொழில்காரருக்குப் போன கடிதத்தின் ஐந்தாவது வரி: "தாங்கள் செய்த வேலையொன்றை உடன் கொண்டுவரவும்." அதை அடித்தவை மெற்றில்டாவின் சொந்த விரல்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, குண்டுப் பயம் நிறைந்த போர்க்காலம். கொழும்பில் எந்தச் சோதனைச் சாவடியும் மூன்று கேள்வி கேட்கும். நீ யார், எங்கே போகிறாய், பையில் என்ன? மாணவனின் பையில் சான்றிதழ்கள் இருக்கும். மூன்று கேள்விக்கும் அவையே பதில் சொல்லிவிடும். மயிலம்மாவின் பையில் இருந்ததோ மின்விசிறி மோட்டாரின் வயிறு: ஓர் இரும்பு வளையம், அதன் பள்ளங்களுக்குள் நெருக்கிச் சுற்றிய செப்புக்கம்பி, வெளியே தொங்கும் சிவப்பு, கறுப்பு, நீல வயர்கள், பக்கத்தில் சின்னக் குழாய்போல ஒரு கப்பாசிட்டர். தெரிந்தவனுக்கு அது காற்று. தெரியாதவனுக்கு, எதைத் தேடச்சொல்லி அவனை அங்கே நிறுத்தினார்களோ அது.

"மணிக்கூடு ரிப்பேர் பழகுற செபஸ்தியன்தான் மிஸ் பாவம், அவனுக்கும் உங்க கடிதம் வந்திச்சு," என்றாள் மயிலம்மா. "அலாரம் மணிக்கூட்டைப் பேப்பர்ல சுத்தி வயரால கட்டிக் கொண்டுபோயிருக்கான். அது ஓடிக்கிட்டு வேற இருந்திச்சு."

"இதையெல்லாம் கடிதத்தில எழுதியிருக்கலாமே?"

"எழுதுனா, செக் பொயின்ட்ல மாட்டுன புள்ளைன்னு உங்க ஃபைல்ல இருக்குமேங்க."

மெற்றில்டா பஸ் ஏறித் திரும்பினாள்.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். "வேலையைப் பாக்காமல் எப்பிடி உதவி குடுக்கிறது?" என்றார் அவர். "படம் பிடிச்சு அனுப்பச் சொல்லும்."

"படத்தில மோட்டார் சுத்துமே, சேர்?"

"அப்ப அந்தப் பிள்ளைக்கு முத்திரை குத்தின கடிதம் ஒண்டு குடும். மூண்டு மொழியிலயும்."

அடித்தாள். ஆனால் இன்னொரு முறை அந்தப் பிள்ளையை அனுப்பிப் பரீட்சை பார்க்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போய், மோட்டாரைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் தானே புறப்பட்டாள். ஐம்பத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் செபமாலை. என்னை ஆர் மறிப்பினம் என்று நினைத்தாள்.

அந்தத் தெருமுனையில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவள் முறை வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மொக்கத மே?" இது என்ன என்று கேட்டபடி சார்ஜன் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஃபேன் மோட்டார் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். ஃபேன் எங்கே என்று கேட்டார். ஃபேன் இல்லை என்றாள். ஃபேன் இல்லாதவளுக்கு மோட்டார் எதற்கு என்றார். அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் நிதானமாக வாசித்தார்.

"இதில் பத்தொன்பது வயதுப் பிள்ளை என்றிருக்கிறது."

"ஓம்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வாங்கைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள்.

சார்ஜனே தொலைபேசியில் தலைவரை அழைத்தார். ஒரு மணித்தியாலத்தில் இராஜநாயகம் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். வாசலில் நின்றவன் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டான். மோட்டாரைக் கண்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது. வேலையை விட்டு ஒன்பது வருடமாக அவரிடம் யாரும் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நல்ல சிங்களத்தில் தொடங்கினார். ஒரு சுற்றில் மின்னோட்டம் நேரே போகும். மற்றச் சுற்றில் கப்பாசிட்டர் வழியாகப் போவதால் அதன் நேரம் கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்த நேர வித்தியாசத்தால் காந்தப்புலம் வட்டமாகச் சுற்றும். அதன் பின்னால் ஃபேன் சுற்றும்.

சார்ஜன் கவனமாகக் கேட்டார். "அப்படியென்றால் இந்தச் சின்னக் குழாய் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருந்து, பிறகு ஒரேயடியாக விடுமா?"

"ஒவ், ஒவ்," என்று ஆமோதித்தார் தலைவர், நல்ல மாணவனைக் கண்ட சந்தோசத்தில்.

பக்கத்தில் நின்ற இரண்டு சிப்பாய்கள் பின்னுக்குப் போனார்கள். மேலதிகாரி பின்னேரம் வந்து பார்க்கும்வரை மோட்டார் அங்கேயே இருக்கும் என்று தீர்ப்பாயிற்று. ஆட்கள் போகலாம்.

மெற்றில்டா வாங்கிலேயே இருந்தாள். அவள் தலைவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களிட்டப் பை இல்லை, சேர்."

"அவசரத்தில விட்டிட்டு வந்திட்டன். ஏன்?"

"பையில என்ன எண்ட மூண்டாவது கேள்வியே உங்களிட்டக் கேக்கேல்ல. கடை இஞ்சயிருந்து பத்து நிமிச நடை. வாங்கோ."

கடையில் மயிலம்மா இன்னொரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பள்ளத்துக்கு எத்தினை சுத்து, பிள்ளை?" என்று தலைவர் கேட்டார்.

அவள் நிமிரவில்லை. "பேசாம இருங்க சார், எண்ணிக்கிட்டிருக்கேன்."

பாயிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நிதியத்தின் தலைவர் கால்மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்.

"முந்நூத்தி இருவது," என்று நிமிர்ந்தாள். "இப்ப கேளுங்க."

"ஒரு சுத்தின்ர ரெண்டு முனையையும் மாத்திக் குடுத்தால்?"

"பின்னுக்குச் சுத்தும். காத்து கூரைக்குப் போகும். கீழ இருக்கிறவங்க எங்க முதலாளிய ஏசுவாங்க."

"ஒருக்கா ஏசினாங்கதான்," என்றார் பாயிஸ்.

முடித்துவைத்திருந்த ஒன்றை அவள் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தாள். அது சத்தமில்லாமல் சுழன்றது. தலைவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு மெற்றில்டாவிடம் படிவத்தைக் கேட்டு வாங்கி, வார்னிஷ் ஒட்டிய மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திரும்ப உரித்தெடுக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மற்ற அஞ்சு பேரும் எங்கயெங்க இருக்கினம், மெற்றில்டா?"

திங்கட்கிழமை அவள் விதியைத் திருத்தி அடித்தாள். மாணவர்கள் சான்றிதழ்களுடன் வெள்ளவத்தைக்கு வரவேண்டும். தொழில் பழகுகிறவர்கள் எங்கும் வரத் தேவையில்லை. வேலை நேரத்தில் நிதியத்திலிருந்து இருவர் அவர்களுடைய வேலைத்தளத்துக்குப் போய், வேலையை அங்கேயே பார்த்து, படிவத்தை அங்கேயே நிரப்புவார்கள். போகிறவர்கள் அடையாள அட்டையும் பேனாவும் மடித்த படிவமும் மட்டும் கொண்டுபோவார்கள். பை கொண்டுபோகமாட்டார்கள்.