வாயைத் திறந்த என்ஜின்

எங்கள் காரில் பேட்டரியும் உண்டு, பெட்ரோல் என்ஜினும் உண்டு. ஆனால் என்ஜின் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். தினமும் சார்ஜ் போட்டு, பேட்டரியிலேயே பூனை மாதிரி ஓட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் என்ஜின் விழித்துவிடும். அவர் ஓட்டும்போது விழித்தால் சாலை மேடாம். நான் ஓட்டும்போது விழித்தால் என் கால் முரடாம்.

நேற்றுக் காலை சமமான சாலையில், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என்ஜின் உறுமியது.

"மிதிச்சியா?" என்று பக்கத்து சீட்டிலிருந்து பாய்ந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலை. திரையைப் பாருங்க."

'என்ஜின் நீண்ட நாட்களாக ஓடவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கச் சிறிது நேரம் தானாகவே ஓடும்' என்று அதில் வந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். படித்துவிட்டும், "நீ ஏதாவது பண்ணியிருப்பே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சும்மா இருந்தாலும் பழி என் தலையிலதானே? அப்ப செஞ்சுட்டே வாங்கிக்கறேன்."

எதிரே மேம்பாலம் ஏறியது. முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. அடிவரை மிதித்தேன். பேட்டரி மோட்டாரும் என்ஜினும் சேர்ந்து இழுத்ததில் அவர் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"ஏய், மெதுவா, மெதுவா!"

"இத்தனை நாள் மெதுவாத்தான் ஓட்டினேன். அதனாலதான் உள்ளே இருந்தது கெட்டுப்போகப் பார்த்துச்சு."